இரண்டரை மணி பஸ்

பத்தேகாலுக்குப் பெட்டி சத்தம் போட்டது.
தினமும் கேட்கிற சத்தம் இல்லை.
அரிசி களையும்போது பானைக்குள் கேட்குமே,
அதை யாரோ தாமான் முழுக்கக் களைவது போல.
கையிலிருந்த ஈரச் சட்டையோடு ஓடினேன்.

சின்ன வாசல். அதன் வழியே
பழுப்பாய் ஒரு குழாய் உடைந்து
மேல்நோக்கிக் கொட்டிக்கொண்டிருந்தது.

கோல கெட்டிலில் கித்தா மரம் தளிர்விட்டு நாலாவது வாரம்.
போன ஞாயிறே பார்த்திருந்தேன்,
அடையின் கீழ்விளிம்பில்
நிலக்கடலை போல் தொங்கிய மூன்று அறைகளை.
கிள்ளிப் போட்டுவிடு என்று
பெட்டி விற்ற கூலிம்காரர் சொல்லியிருந்தார்.
நகம் வரை போனது.
உள்ளே ஏதோ அசைந்த மாதிரி இருந்தது.
விட்டுவிட்டேன்.

சன்னாசி வீட்டுக்குள் ஓடிப்போய்
ஒவ்வொரு சன்னலாகச் சாத்துவது கேட்டது.

மூன்று வீடு தள்ளி, ரொகாயா அக்கா வாசலில் நின்ற
கப்சாய் மோட்டோரில் போய் இறங்கின.
கைப்பிடி, கண்ணாடி, கூடை,
கூடையில் கிடந்த அவர் மகனின் தொப்பி,
எல்லாம் சேர்ந்து ஒரே தாடி.
கதவிடுக்கில் போனோடு நின்றார்.
“பொம்பாவைக் கூப்பிடட்டுமா?”
பொம்பா வந்து என்ன செய்யும் என்று தெரியும்.
போன வருடம் கோயில் அரச மரத்தில் செய்துவிட்டுப் போனார்கள்.
காலையில் நான்தான் கூட்டினேன். இரண்டு முறம்.
“ஒரு மணி நேரம் கா, சத்து ஜாம்” என்றேன்.

மைலோ அட்டைப்பெட்டி. நனைத்த போர்வை. சோற்றுக் கரண்டி.
கரண்டி போதாமல் கையை விட்டேன்.

ஃபேக்டரியில் ஒரு ஷிஃப்டுக்கு
நாலாயிரம் பீங்கான் கைகளிலிருந்து
உறையை உரிக்கிறவள் நான்.
இங்கே என் கையில் உறை இல்லை.
வெந்து இறக்கிய சோற்றுப் பானையின் சூடு.
விரலிடுக்கெல்லாம் கால்கள்.
ஒன்றுகூடக் கொட்டவில்லை.
காப்பதற்கு அவற்றிடம் வீடு இல்லை அந்நேரம்.

என் ராணி வயசானவள்.
இடது இறக்கை நுனி கிழிந்திருக்கும்.
கூட்டைவிட்டுப் போகிறவள் மகள் என்றுதான்
இந்தப் பெட்டி வாங்கும்வரை நினைத்திருந்தேன்.
கிளம்புகிறவள் தாய்.
அடை, தேன், மூடிவைத்த பிள்ளைகள், எல்லாவற்றையும்
இன்னும் வெளியே வராத ஒருத்திக்கு விட்டுவிட்டு,
கூட வருகிறவர்கள் வயிற்றில்
மூன்று நாள் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு.

எங்கள் வீட்டுக் கடன் இன்னும் பதினொரு வருடம்.

பாதிக்கு மேல் பெட்டிக்குள் வந்துவிட்டன.
பிறகு ஒன்று, பத்து, நூறு என்று
திரும்ப மோட்டோருக்கே நடந்தன.
அவளை நான் அள்ளவில்லை.
மறுபடி அள்ளினேன். மறுபடி நடந்தன.
ரொகாயா அக்கா சன்னல் வழியாக
ஐஸ் போட்ட சிராப் நீட்டினார்.
பொம்பாவைப் பற்றிப் பேசவேயில்லை.

இரண்டரைக்கு முனையில் பஸ் ஹார்ன்.
ஏறாவிட்டால் வருகைப் படி நூறு வெள்ளி போகும்.
கையில் ஒட்டியிருந்த ஒன்றை ஊதிவிட்டு நிமிர்ந்தேன்.
தாடி அவிழ்ந்தது.
யார் சொன்னார்கள், எப்போது பேசி முடித்தார்கள்,
தெரியாது.

பஸ் சன்னலில் இருந்து பார்த்தேன்.
சூராவ் கூரைக்கு மேல், பள்ளித் திடலுக்கு மேல்,
எங்களோடு சேர்ந்தே வருகிற ஒரு புகை.
ஆலை முச்சந்தியில் பஸ் இடப்பக்கம் திரும்பியது.
அவை செம்பனைக்குள் நேராய்ப் போயின.
ஓட்டுநர் ஹரிராம் கண்ணாடியில் என்னைப் பார்த்து
“என்ன கா, சொந்தக்காரங்களா?” என்றான்.

இரவு வந்தபோது தொப்பி எங்கள் வேலியில் தொங்கியது.
துணியில் பொடிப்பொடியாய் வெள்ளை மெழுகு:
நாலு மணி நேரத்தில், ஒரு மோட்டோர் கூடையில்,
வீடு கட்ட ஆரம்பித்திருக்கிறார்கள்.

ஏழாம் இரவு, கையுறை மாவு அப்பிய சட்டையோடு
பழைய பெட்டியில் காதை வைத்தேன்.
கீஈஈ, என்று ஒருத்தி. நீளமாய்.
மூடிய அறைக்குள்ளிருந்து
குவா குவா என்று இன்னொருத்தி.

“யாரு அங்கே?” என்றது சன்னாசியின் குரல்.
“இன்னும் முடிவாகலே” என்றேன்.